ராஜாக்கள் காரில் வந்த வீடு

இன்று காலை உங்கள் வெள்ளைக் காடிலாக்கின் டிக்கியைத் திறந்தோம். திறந்தது நானில்லை. மாடிவீட்டுக்காரரின் நண்பராம், பழைய பொம்மைக் கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஓர் இளைஞர். சுண்டுவிரல் நகத்தால் மெல்ல நெம்பினார். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் வந்தது. "ஆன்ட்டி, டிக்கியில என்னமோ வாசனை வருதே" என்று அவர் மூக்கைச் சுருக்கினார். எனக்கோ, நீங்களே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கார்களைத் தொடுவதற்கென்றே வெள்ளைக் கையுறை கொண்டுவந்திருந்தார் அந்தப் பிள்ளை. பூதக்கண்ணாடி வேறு. கண் டாக்டர் மாதிரி ஒவ்வொரு காரையும் தூக்கி, அடியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்து, மூச்சு விடாமல் கீழே வைத்தார். உங்கள் கார்களுக்கு இப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், போகிற அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பீர்கள்.

கடைசியில் அவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் அருமையான பீஸ், ஆன்ட்டி. ஆனா பெயின்ட் பூரா போயிடுச்சு. டயர் மாத்தியிருக்கு. அட்டைப்பெட்டியோட தொடாம வெச்சிருந்தா இன்னைக்கு இதோட கதையே வேற." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க பசங்க நல்லா விளையாடித் தீர்த்திருக்காங்க."

"காபி கொண்டாரேம்பா" என்று எழுந்துவிட்டேன். பதில் இல்லாமல் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதிலை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பால் காய்கிற வரைக்கும் அடுப்பு முன்னால் நின்று உங்களோடுதான் பேசினேன். அப்போது பேசியதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிது. நீங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினீர்கள். இன்றைக்கு இன்ன சரக்கு இறக்கினேன் என்று வீட்டில் வந்து சொல்கிற வழக்கமெல்லாம் உங்களுக்குக் கிடையாது. குளிப்பீர்கள், சாப்பிடுவீர்கள், படுத்துவிடுவீர்கள். ஒரு நாள் மட்டும் குளிக்கக்கூடப் போகாமல் வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். யாரோ வெளிநாட்டுப் பெரிய மனிதருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கார் வந்திருந்ததாம். அதைக் கப்பலிலிருந்து தூக்கித் தரையில் இறக்கியவர் நீங்கள்.

"பூ மாரி எறக்குனேன்மே. டயரு தரையத் தொட்டது அதுக்கே தெரியாது."

"எம்மாம் பெரிசு?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். அடுப்படிச் சுவரை ஒட்டி என்னை நிற்க வைத்தீர்கள். "நீதான் முன் பம்பர். நவுராத" என்றீர்கள். நம்முடைய ஒற்றை அறையைத் தாண்டி, படியிறங்கி, சாக்கடையைத் தாண்டி, சந்து நடுவில் போய் நின்றுகொண்டு, "பின்னால லைட்டு இங்க வருது. ரெண்டு பக்கமும் சுறாத் துடுப்பு மாரி நிக்குது" என்று கத்தினீர்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ராயபுரத்துக்கு வாழ வந்த இரண்டாவது மாதமே எனக்கு மானம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பும் வந்தது. கையில் கரண்டியோடு, நகராமல், பம்பராக நின்றுகொண்டேதான் சிரித்தேன்.

முதல் பொம்மைக் கார் என் ஊறுகாய்க்கு வந்தது. வஞ்சிர மீன் ஊறுகாய் போட்டு ஜாடியில் வைத்திருந்தேன். ஜாடியைக் காணோம். கோபம் வந்தால் எனக்கு "என்னங்க" மறந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"யோவ், ஊறுகா ஜாடி எங்கய்யா?"

"கப்பல்ல போய்கினு கீது" என்று உள்ளங்கையை விரித்தீர்கள். "அதுக்கு பதிலா இது வந்துகீது."

கரைக்கு இறங்கியிருந்த கிரேக்கக் கப்பல் சமையல்காரர் ஒருவரோடு நடந்த பண்டமாற்று. அவருக்கு என் ஊறுகாய், உங்களுக்குக் கரும்பச்சை நிறத்தில் ஒரு லிங்கன் கார். கதவு திறக்கும், மூடும். நீங்கள் திறந்து திறந்து மூடினீர்கள். நான் ஜாடியை நினைத்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் மூர் மார்க்கெட்தான். பழைய சாமான் கடைகளில் உட்கார்ந்து பொம்மைக் குவியலைக் கிளறுவீர்கள். அமெரிக்கக் கார், அதிலும் பெரிய இடத்துக் கார் மட்டும்தான் உங்களுக்கு வேண்டும். "குட்டிக் காருதான் நம்ம ரோட்லயே ஓடுதே, அத்த எதுக்கு பொம்மையா வேற வெச்சிக்கினு?" என்பீர்கள். டயர் இல்லாமல் கிடைத்ததற்கு சைக்கிள் வால் டியூபை வெட்டி மாட்டினீர்கள். பெயின்ட் உரிந்ததற்குக் கப்பல் பெயின்ட் மிச்சத்தைத் தொட்டு வைத்தீர்கள். இன்று வந்த பிள்ளை உதட்டைப் பிதுக்கியது அதற்குத்தான். வானநீல இம்பாலா வந்தது. அப்புறம் இந்த வெள்ளைக் காடிலாக், நீங்கள் இறக்கிய அதே காரின் குட்டி. அன்றைக்கு நீங்கள் சோறே கேட்கவில்லை. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வரிசையாக நிறுத்தினீர்கள். ஆண்டவர் கார் ஷெட்டுக்குக் காவல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன்.

அந்தக் கிண்டல் மெல்ல மெல்ல வற்றியது. நமக்குப் பிள்ளை பிறக்கவில்லை. முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் சொன்னார்கள். குழாயடியில், கோயில் வாசலில், மீன் வாங்குகிற இடத்தில். எந்த மாதாவுக்குத் தொட்டில் கட்ட வேண்டும், எந்த வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று ஆளுக்கொன்று. காலடிப்பேட்டையிலிருந்து உங்கள் அக்கா வந்தால் என் முகத்தைப் பார்க்கும் முன்னால் வயிற்றைத்தான் பார்ப்பார். ஒரு நாள் பலகையைக் காட்டி, "வூட்ல புள்ள இல்ல, பொம்மைக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்றார். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். அக்கா போன பிறகு அந்தக் கார்களை ஒரு துணியால் மூடி வைத்தேன். திரும்பி வந்த நீங்கள் துணியை எடுத்து மடித்து வைத்தீர்கள்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா பிறந்தபோது அவள் அம்மா ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாயாக என்னைத்தான் இருக்கக் கேட்டாள். நினைவிருக்கிறதா? கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் அவள் படியில் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"தப்பா நெனச்சிக்காதக்கா. வூட்ல பெரியவங்க, புள்ள பெத்தவங்க கையிலதான் குடுக்கணும்ங்கிறாங்க."

"அதனால இன்னா, பரவால்ல" என்று சொல்லி அனுப்பினேன். புடவையை மடித்து உள்ளே வைத்தேன். மறுநாள் கோயில் மணி அடித்தபோது சன்னலைச் சாத்தினேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்தத் தெருவில் இனி என்னால் நிமிர்ந்து நடக்க முடியாது, ஆயுசு முழுக்க ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் இப்படிச் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்ற பயம். நீங்கள் வந்ததும் உங்கள் மேல் பாய்ந்தேன். "இந்தக் காரையெல்லாம் கடல்ல போடுய்யா. வர்றவ போறவ எல்லாம் இத்தப் பாத்துட்டுத்தான் என்னக் கேக்குறாளுங்க" என்று கத்தினேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "சரி, இரு" என்றீர்கள். அவ்வளவுதான். கடலில் போடவும் இல்லை, என்னைச் சமாதானம் செய்யவும் இல்லை. எனக்கு உங்கள் மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்கு மாதிரி எப்போதும் இருந்ததில்லை.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்க உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்தால், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் ஒட்டகங்கள் மழை ஈரத்தில் ஊறி, கால் உடைந்து கிடந்தன. ராஜாக்கள் மட்டும் முழுசாக இருந்தார்கள். பாரிமுனையில் புது ஒட்டகம் கிடைக்கும், போய் வாங்கி வாருங்கள் என்றேன். நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க, கோயில் சாமியார் திட்டுவாரு" என்றேன்.

"ராஜாங்க இன்னாத்துக்கு ஒட்டகத்துல ஆடிகினு வரணும்? வசதி கீறவங்க. காடிலாக்ல வரட்டும்."

அறையின் ஒரு மூலையில் குடில். எதிர் மூலையிலிருந்து கடல் மணலில் வளைந்து வளைந்து ஒரு ரோடு. ரோட்டின் தொடக்கத்தில் காடிலாக், லிங்கன், இம்பாலா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ராஜா. கிறிஸ்துமஸ் முடிந்து, ஜனவரி ஆறில் வரும் ராஜாக்கள் திருநாள் வரைக்கும், நாளுக்குக் கொஞ்சமாக ராஜாக்களைக் குடிலை நோக்கி நகர்த்துவது நம் பக்கத்து வழக்கம்தானே. அந்த வழக்கத்தில்தான் நீங்கள் உங்கள் வேலையைக் காட்டினீர்கள். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "யாருக்கு காரு தள்ளணும்? ஒரு ஆளுக்கு ஒரு வெரக்கடை!" என்று குரல் கொடுத்தீர்கள்.

மறுநாள் நம் வாசலில் வரிசை. கோயில் தெருப் பிள்ளைகள், மீனவர் குப்பத்துப் பிள்ளைகள், பாய் வீட்டுப் பிள்ளைகள். ஒரு விரற்கடை தள்ளுவதற்கு அந்தச் சண்டை, அந்த அழுகை. முறை கிடைக்காதவர்களுக்கு மீதிக் கார்களைத் தரையில் விட்டீர்கள். நம் வீட்டில் கால் வைக்க இடமில்லை. நான் முறுக்கு சுட்டு சுட்டு மாளவில்லை. ஒரு பொடியன் என் முந்தானையில் மூக்கைத் துடைத்தான். அந்தப் புடவையை இரண்டு நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். உங்களுக்கு இதைச் சொன்னதில்லை.

ராஜாக்கள் கொண்டுவரும் காணிக்கைக்கும் ஏற்பாடு செய்தீர்கள். பொன்னுக்கு என் கம்மல் திருகாணி. அதை லிங்கனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினீர்கள். தூபத்துக்குச் சாம்பிராணிக் கட்டி. அது காடிலாக் டிக்கியில். மூன்றாவது காணிக்கையான வெள்ளைப்போளம் என்றால் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வண்ணாரப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை பாயிடம் போய்க் கேட்டீர்கள். அது பெண்களுக்குக் கொடுக்கிற மருந்துமாம். அவர் என் உடம்புக்கென்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்கு நைனா?" என்றாராம்.

"ராஜாவுக்கு, பாய்."

"எந்த ராஜா?"

"இம்பாலாவுல வர்றாரே, அவருக்கு."

பாய் சிரித்து ஒரு துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, திருநாளன்று தன் பிள்ளைகளோடு அவரே பார்க்க வந்தார். பொட்டலத்தை இம்பாலாவின் கூரைமேல் நூலால் கட்டியிருந்ததை ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

வருடா வருடம் இது நடந்தது. தெரு உங்களுக்குப் பெயர் வைத்தது. காருப் பைத்தியம். டீக்கடையில், ஷிப்டுக்குப் போகிற வழியில், "இன்னா மாமு, ராஜா எங்க வரைக்கும் வந்துகீறாரு?" என்று கேட்பார்கள். நீங்கள் நின்று நிதானமாக, "டயரு பஞ்சர், நாளைக்குத்தான் கெளம்புவாரு" என்று பதில் சொல்வீர்கள். இந்த மனுஷன் ஏன் இப்படி ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும்படி நடந்துகொள்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

உங்கள் அக்காவின் கடைசிப் பையனுக்கு ஞானஸ்நானம். காலடிப்பேட்டையில் பகல் விருந்து. பெண்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வழக்கமான கேள்வி வந்தது. யாரோ ஒரு அம்மா, "உனுக்கு எத்தினி புள்ளைங்க?" என்றாள். நான் வாய் திறக்கும் முன்னால் உங்கள் அக்கா முந்திக்கொண்டார். அதே அக்கா.

"அவள இன்னாத்துக்கு கேக்குற? அது தங்கமான பொண்ணு. என் தம்பியே இன்னும் புள்ளையாத்தான் கீறான். அத்த வளக்கவே அவளுக்கு நேரம் செரியா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "பாவம்மா நீ" என்றாள். அந்தப் பாவத்தில் குத்தல் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் அந்தக் கோடியில் நீங்கள் வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில், "டுர்ர்ர்" என்று காடிலாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினீர்கள். சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். நான் அழுகிறேனா என்று பார்த்தீர்கள். இல்லை என்று தெரிந்ததும் திரும்பவும் "டுர்ர்ர்".

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை மண்டு நான்! என்மேல் விழுந்துகொண்டிருந்த பேச்சையெல்லாம், "சரி, இரு" என்று சொன்ன அந்த நாளிலிருந்து, நீங்கள் ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காலடிப்பேட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "வேணும்னுதான் இப்டி பண்றீங்களா?"

சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "என்னப் பைத்தியம்னா சிரிப்பானுங்க, அவுங்கவுங்க வேலயப் பாத்துகினு பூடுவானுங்க. உன்ன ஒண்ணு சொன்னா நீ சோறு துன்ன மாட்டேங்கிற." பிறகு, ஏதோ பொய் சொல்லிவிட்ட மாதிரி அவசரமாக, "ஆனா காரு மேல ஆச நெஜம்மே. அதுல நடிப்பு இல்ல" என்றீர்கள்.

பஸ்ஸில் அத்தனை பேருக்கு நடுவில் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டேன். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

ஸ்டெல்லா விஷயத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வரிசையில் முதல் ஆள் அவள்தான். காடிலாக்கை வேறு யாரும் தள்ள விடமாட்டாள். வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோயிலில் செய்கிற உறுதிப்பூசுதலுக்கு அவள் தயாரானபோது, ஞானத்தாயாக யார் வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். "கார் வூட்டம்மா" என்றாளாம். பெரியவர்கள் வேறு பெயர் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பிடித்த பிடியை அவள் விடவில்லை. அவள் அம்மா அதே படியில் வந்து நின்றாள், இந்தத் தடவை தலை நிமிர்ந்து. மடித்து வைத்த கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பீடத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவின் தோளில் என் வலது கை இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நீங்கள், சட்டைப் பையிலிருந்து இம்பாலாவின் மூக்கு எட்டிப் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் குடில் வைக்கிறேன். முட்டி மடங்க மறுக்கிறது, அதனால் ரோட்டை மேசைமேல் போடுகிறேன். ராஜாக்கள் இன்னும் காரில்தான் வருகிறார்கள். யார் வந்தாலும், தபால்காரராக இருந்தாலும், ஒரு விரற்கடை தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

காபியோடு திரும்பி வந்தவள் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். கையுறை இரண்டும் மேசை ஓரத்தில் கிடந்தன. பூதக்கண்ணாடி உறைக்குள் போயிருந்தது. அந்தப் பிள்ளை குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் காடிலாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது. உதடு இரண்டும் சேர்ந்து, "டுர்ர்ர்".

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "சாரி ஆன்ட்டி, சும்மா…"

"எதுக்குப்பா சாரி? காரு வேற எதுக்கு கீது?" என்று காபியை நீட்டினேன். "அப்போ ஒண்ணு சொன்னியே, பசங்க வெளையாடித் தீத்துட்டாங்கன்னு. ஆமாம்பா. எல்லாம் எங்க புள்ளைங்க வெளையாடுனதுதான். நெறய பேரு."

"இப்ப எல்லாரும் எங்க இருக்காங்க, ஆன்ட்டி?"

"ஆளுக்கொரு ஊர்ல கீறாங்க. ஸ்டெல்லாதான் அடிக்கடி வருவா."

விலை பேச வந்தவர், ராஜாக்கள் திருநாளன்று எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"எங்க புள்ளைங்க" என்று இன்று நிமிர்ந்து சொன்னேன். நீங்கள் அத்தனை பேருக்கு முன்னால் தரையில் தவழ்ந்து எனக்கு வாங்கிக் கொடுத்த பதில் அது.